மூல ஓலை எங்கே?

தோழனே!

பெண்ணையாற்றின் தென்கரையில் இருக்கிறது திருவெண்ணெய்நல்லூர். கம்பனுக்குச் சோறிட்டுக் காத்த சடையப்ப வள்ளலின் ஊர் என்பார்கள். மெய்கண்டார் சிவஞானபோதம் தந்த ஊர் என்பார்கள். ஊருக்குப் பெருமை சொல்ல ஆளுக்கு ஒரு கதை வைத்திருக்கிறார்கள். ஆனால், ஆலமரத்தடியில் அமர்ந்திருக்கும் எந்த முதியவரைக் கேட்டாலும் முதலில் சொல்வது வழக்குக் கதையைத்தான். அடிமை வழக்கு! ஓலை காட்டி வென்ற வழக்கு!

சென்ற திங்கள் அந்த ஊரில் நம் கழகக் கூட்டம். கூட்டத்தின் முடிவில் நாடகம். எழுதியவன் நான், நடித்தவர்கள் நம் தோழர்கள். தலைப்பாகை கட்டித் தீர்ப்புச் சொல்ல வந்தவர் அவ்வூர்க் கிளைச் செயலாளர். வசனம் மறந்துபோய், இரண்டு முறை தொண்டையைக் கனைத்தே கைதட்டல் வாங்கிக்கொண்டார்! நாடகத்துக்குக் கருவாக நான் எடுத்துக்கொண்டது, ஊரார் அனைவரும் அறிந்த அந்தப் பழைய வழக்கையே.

கதை உனக்குத் தெரிந்திருக்கும். ஆயினும் கேள். நாவலூரில் பிறந்தவன் நம்பியாரூரன். புத்தூரிலே அவனுக்குத் திருமணம். பந்தல் நிறைந்த கூட்டம், முழங்குகிறது மேளம், மாலை சூடி நிற்கிறான் மணமகன். அந்த வேளையில் கோலூன்றி வருகிறார் ஒரு கிழவர். "நிறுத்துங்கள்! இவன் எனக்கு அடிமை. இவனுடைய பாட்டன் எழுதிக் கொடுத்த ஆளோலை என்னிடம் இருக்கிறது" என்கிறார். நகைக்கிறான் நம்பி. ஓலையைப் பறிக்கிறான், கிழித்து எறிகிறான். கிழவர் கலங்கவில்லை. "கிழித்தது படி ஓலை, மூல ஓலை வெண்ணெய்நல்லூரில் இருக்கிறது" என்கிறார். வெண்ணெய்நல்லூரில் அவை கூடுகிறது. மூல ஓலை வருகிறது. பாட்டன் எழுதிய வேறோர் ஓலையோடு கையெழுத்தை ஒத்துப் பார்க்கிறார்கள். ஒத்திருக்கிறது. தீர்ப்பு எழுகிறது: 'நீ தோற்றாய், இவருக்கு ஏவல் செய்வதே உன் கடன்!'

வந்த கிழவர் சிவபெருமானே என்பது சேக்கிழார் காட்டும் முடிவு. பக்தர்களுக்கு அது அருள். தடுத்து ஆட்கொண்ட கருணை. அவர்கள் உள்ளத்தோடு இன்று எனக்கு வழக்கில்லை. நான் பார்ப்பது வேறிடம். கிழவர் உரிமை கொண்டாடியபோது நம்பி என்ன கேட்டான் தெரியுமா? 'ஓர் அந்தணன் மற்றோர் அந்தணனுக்கு அடிமையாவதை இன்றுதான் கேள்விப்படுகிறேன். நீ என்ன பித்தனோ?' என்று கேட்டான். மனிதன் மனிதனுக்கு அடிமையாவதுண்டோ என்று கேட்டானில்லை. பந்தலிலே இருந்தவர்களும் கேட்டாரில்லை. ஆளை எழுதிக் கொடுப்பதும், பாட்டன் இட்ட கையெழுத்துக்குப் பேரன் கழுத்தை நீட்டுவதும் அந்த அவைக்குப் பழகிய செய்தி! இவன் எப்படி அடிமையாவான் என்பதில்தான் வியப்பு. அவன் அடிமை, அவள் அடிமை, அந்தச் சேரி முழுதும் அடிமை என்று யாரேனும் ஓலை நீட்டியிருந்தால், மேளம் ஒரு நொடியேனும் நின்றிருக்குமா?

சேக்கிழார் பாடியது 12ஆம் நூற்றாண்டு. ஆளோலை வழக்கம் அத்தோடு மடிந்துவிட்டது என்று எண்ணாதே, தோழனே. அடிமை உடைமையை நீதிமன்றம் ஏற்காது என்று இந்த நாட்டில் சட்டம் வந்தது 1843இல். அடிமை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம் என்று தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1862இல். நம் கொள்ளுப்பாட்டனின் பாட்டன் காலம். அவ்வளவு அருகில் இருக்கிறது அந்த இருட்டு!

என் நாடகத்தின் கடைசிக் காட்சியில் இன்றைய இளைஞன் ஒருவன் மேடையேறுவான். பழைய அவையின் நடுவிலே நின்று ஓலையைப் பறித்துச் சுக்கல் சுக்கலாகக் கிழிப்பான். திரை விழும். அன்றும் விழுந்தது. கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ஒப்பனையைத் துடைத்துக்கொண்டிருந்த தோழர்களுக்கு நடுவே, தோளில் துண்டு, கையில் கைத்தடி, எண்பதைத் தாண்டிய வயது, ஒரு முதியவர் வந்து நின்றார். நான் பிறப்பதற்கு முன்பிருந்தே கொடி பிடித்தவர். ஆதிதிராவிடர் தெருவிலிருந்து வந்தவர்.

"தம்பி, நாடகம் நல்லாருந்துது. ஆனா நீ கிழிச்சது படி ஓலையாச்சே. மூல ஓலை எங்க இருக்குது?"

"ஐயா, அது நாடகம்..." என்று இழுத்தேன்.

"நாடகந்தான். அதனாலதான் கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

மேடைக்கு மேடை பேசுகிறவன் நான். எதிர்க்கட்சிக்காரன் கேட்ட கேள்விக்கெல்லாம் நின்ற இடத்தில் பதில் சொன்னவன். அந்த முதியவருக்கு மட்டும் இன்றுவரை பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இந்த ஞாயிறு உன்னிடம் வந்திருக்கிறேன்.

படி ஓலையைக் கிழித்தவர்கள் யார் யார் என்று எண்ணிப் பார்த்தேன். நெடிய வரிசை அது.

அடிமை என்று தீர்ப்புப் பெற்ற சுந்தரர் பின்னாளில் திருத்தொண்டத் தொகை பாடினார். அதிலே தம்மை அடியாருக்கெல்லாம் அடியாராக அறிவித்துக்கொண்டார். அந்த அடியார் வரிசையில் ஒருவர் திருநாளைப்போவார். நம் மக்கள் நாவில் நந்தனார். அந்தணர் குலத்துச் சுந்தரர், புலையர் குலத்து நந்தனுக்கு அடியேன் என்றார். எத்தகைய சொல் அது! ஆனால் சொல் ஏட்டில் இருந்தது; நந்தனின் பேரப்பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். பாடியவருக்கு அடிமைத்தனம் பக்தி. பாடப்பட்டவரின் மக்களுக்கு அது விதி. ஓராயிரம் ஆண்டு, தோழனே, ஓராயிரம் ஆண்டு!

அந்த நந்தனின் பெயரையே தூக்கிப் பிடித்து ஒருவர் எழுந்தார். சுவாமி சகஜானந்தர். 1890இல் ஆரணிப் பக்கத்துச் சிற்றூரில், ஏழை ஆதிதிராவிடக் குடும்பத்தில், முனுசாமியாகப் பிறந்தவர். படிக்க வந்த இடம் நம் திண்டிவனம். அங்கிருந்த கிறித்தவப் பள்ளி அவருக்கு எழுத்தறிவு தந்தது. மதம் மாற அவர் இசையாததால் படிப்பு நின்றது என்பது அவர் வரலாற்றை எழுதியோர் தரும் செய்தி. எண்ணிப் பார். ஊரார் ஒதுக்குகிறார்கள், ஒதுக்காத ஓரிடம் கிடைக்கிறது, அங்கே சோறும் கிடைக்கிறது, நூலும் கிடைக்கிறது. தலையை ஆட்டியிருந்தால் போதும். ஆட்டவில்லை! அவர் கொண்ட சமயத்தை நீயும் நானும் கொள்ள வேண்டியதில்லை. பசித்த வயிற்றோடு ஒரு சிறுவன் தன் உள்ளத்துக்கு விலை பேச மறுத்தானே, அதைத்தான் பார்க்கச் சொல்கிறேன். பிறகு கோலார்ச் சுரங்கத்து வாழ்வு, சென்னையில் துறவியரிடம் கல்வி, 1910இல் சிதம்பரம். 1916இல் நந்தனார் பெயரால் பள்ளி. நந்தனை நெருப்பில் இறக்கிவிட்டுத்தான் உள்ளே விட்டதாகக் கதை சொல்லும் அதே ஊரில், அவன் பெயரால் கரும்பலகையும் சுண்ணக்கட்டியும்! சட்டமன்றத்தில் நெடுங்காலம் இருந்தார். 1959 மே முதல் நாள் மறைந்தார். அந்தப் பள்ளியில் எழுத்தறிந்தவர்களின் பேரன் பேத்திகள் இன்று தென்னார்க்காட்டுக் கச்சேரிகளிலும் மருத்துவமனைகளிலும் பணியாற்றுகிறார்கள்.

இன்னொருவரைச் சொல்லாமல் இந்த வரிசை நிறையாது. செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளத்தில் 1859இல் பிறந்த இரட்டைமலை சீனிவாசன். கோவையில் படித்த நாளைப் பற்றித் தம் வாழ்க்கைக் குறிப்பில் அவர் எழுதியிருப்பதைப் படித்து, நான் ஏட்டை மூடி வைத்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். மாணவரில் பத்துப் பேர் தவிர ஏனையோர் பார்ப்பனர். பழகினால் ஊர் கேட்பார்கள். ஊர் சொன்னால் குலம் தெரிந்துவிடும். ஆகவே, பள்ளிக்கு வெளியே எங்கேனும் உட்கார்ந்து படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்த பிறகே வகுப்புக்குள் நுழைவார். வகுப்பு முடிந்ததும் எவரும் பின்தொடர முடியாத விரைவில் வீடு திரும்புவார். விளையாட்டில்லை, நட்பில்லை. கல்லூரியைப் பாதியில் விட்டவன் நான். நாடகப் பித்து என்னை இழுத்தது, விட்டேன். விடுவதற்கு எனக்கு உரிமை இருந்தது என்பதே அவருடைய குறிப்பைப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

அப்படி ஒளிந்து படித்த சிறுவன் வளர்ந்து 1893இல் ஓர் ஏடு தொடங்கினார். அதற்கு என்ன பெயர் வைத்தார்? எதை மறைக்க அஞ்சி மணியோசைக்குக் காத்திருந்தாரோ, அதையே வைத்தார். 'பறையன்'! வசையை வாளாக்கிய துணிவு அது. (எல்லாத் தலைவர்களும் அதை ஏற்றார்களில்லை. அயோத்திதாசப் பண்டிதர் வேறு வழி கண்டார். எம்.சி. ராஜா 1922இல் சட்டமன்றத்தில் முயன்று 'ஆதிதிராவிடர்' என்ற பெயரை நிலைநாட்டினார். மூவரும் ஒருவரையொருவர் மறுத்தும் பேசியவர்களே. ஒரே குரலில் பேசினால்தான் ஒற்றுமை என்று நம் கிளைக் கூட்டங்களில் மேசையைத் தட்டுகிறவர்கள் இதைக் கவனிக்க.)

பின்பு ஆப்பிரிக்கா சென்றார். தென்னாப்பிரிக்க நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தபோது, அங்கே வழக்காடிய காந்தியாருக்குத் தமிழில் கையெழுத்திடக் கற்றுக் கொடுத்தார். தாயகம் திரும்பினார். சென்னைச் சட்டமன்றத்தில் அமர்ந்தார். 1924 ஆகஸ்டில் அவர் கொண்டுவந்த தீர்மானம் என்ன கேட்டது? ஆட்சியில் பங்கா? பதவியா? எந்த வகுப்பினராயினும் பொதுத் தெருவில் நடக்கலாம், பொதுக் கிணற்றில் நீர் மொள்ளலாம், பொது அலுவலகத்துக்குள் செல்லலாம் — அவ்வளவுதான்! நடக்க உரிமை! நடப்பதற்குத் தீர்மானம் தேவைப்பட்ட நாடு இது. நீதிக்கட்சி ஆட்சி அதை ஏற்றுச் செப்டம்பரில் ஆணையிட்டது.

அதே 1924. மார்ச்சுத் திங்கள் 30ஆம் நாள் வைக்கத்தில் தெருவுக்காகக் கிளர்ச்சி தொடங்கியது. தலைவர்கள் சிறைப்பட்டதும் ஈரோட்டுப் பெரியாருக்கு அழைப்பு வந்தது. சென்றார், இருமுறை சிறை ஏகினார். இதிலே நான் உன்னை நிறுத்திக் காட்ட விரும்பும் இடம் ஒன்று உண்டு. அந்தத் தெரு பெரியாருக்குத் தடையற்ற தெரு! வணிகக் குடும்பத்துச் செல்வர், விரும்பினால் வண்டியிலேயே போயிருக்கலாம். தனக்குத் திறந்திருந்த தெருவுக்காக, பிறனுக்கு அடைத்திருந்ததே என்று, சிறைக்களி தின்றார். தன் குலத்துக்குக் கேட்பவன் தலைவன்; ஐயமில்லை. தன் குலத்தை எதிர்த்துப் பிறருக்காகக் கேட்பவனை என்னவென்று அழைப்பது? அந்தச் சொல்லைத்தான் நாம் தொலைத்துவிட்டோம்.

கடலுக்கு அப்பாலும் ஒரு சான்று சொல்கிறேன். சகஜானந்தர் மறைந்த அதே 1959இல், பிப்ரவரியிலும் மார்ச்சிலும், மார்ட்டின் லூதர் கிங் இந்தியாவில் சுற்றிக்கொண்டிருந்தார். மான்ட்கமரி நகரத்துப் பேருந்துப் புறக்கணிப்பை நடத்தி வென்ற கருப்பினத் தலைவர். சென்னைக்கு வந்தார். குமரிமுனையில் கதிர் மறைவதைக் கண்டு நின்றார். திருவனந்தபுரத்தில் ஒடுக்கப்பட்டோர் படிக்கும் பள்ளிக்குச் சென்றபோது, அமெரிக்காவிலிருந்து வந்துள்ள தீண்டப்படாத தோழர் என்று தலைமையாசிரியர் அவரை அறிமுகப்படுத்தினார். முதலில் அவருக்கு அதிர்ச்சியாக இருந்ததாம். பிறகு, தம் நாட்டுச் சேரிகளை நினைத்துப் பார்த்து, ஆம், நான் தீண்டப்படாதவன்தான் என்று தம் உள்ளம் ஒப்பியதாகப் பின்னாளில் அவரே சொன்னார். புத்தூர்ப் பந்தலில் நம்பிக்கு வந்த சினத்தையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்!

அதோடு அவர் நின்றுவிடவில்லை. வாக்குரிமைச் சட்டம் 1965இல் வந்தது. நோபல் பரிசும் 1964இலேயே வந்துவிட்டது. குடியரசுத் தலைவர் மாளிகைக் கதவு திறந்திருந்தது. அத்தகைய நேரத்தில், 1967 ஏப்ரல் 4இல், நியூயார்க் நகரத்துத் தேவாலயத்தில் எழுந்து வியட்நாம் போரைக் கண்டித்தார். நேற்றுவரை புகழ்ந்த ஏடுகள் இகழ்ந்தன. அவருடைய இயக்கத்துத் தோழர்களிலேயே பலர், 'இது நம் வேலையா? ஆட்சியாளரின் நட்பு போய்விடுமே!' என்று முகம் சுளித்தார்கள். அவர் பின்வாங்கவில்லை. சரியாக ஓராண்டு, 1968 ஏப்ரல் 4இல் மெம்பிசு நகரில் சுட்டுக் கொன்றார்கள். அங்கே எதற்காகப் போயிருந்தார்? குப்பை அள்ளும் தொழிலாளரின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நிற்க!

அதே 1968 திசம்பர் 25ஆம் நாள் நம் கீழ்வெண்மணியில் 44 உயிர்களைக் குடிசையோடு கொளுத்தினார்கள். அதை எழுதினால் என் மேடைக்குரல் தானே அடங்கிவிடுகிறது. மேலே செல்கிறேன்.

நம் பகுதிக்கு வருவோம். 1978 சூலையில் விழுப்புரத்தில் 12 ஆதிதிராவிடர்கள் கொல்லப்பட்டார்கள். ஆண்டுதோறும் நாம் எத்தனையோ நினைவு நாள்களுக்குச் சுவரொட்டி அடிக்கிறோம், அந்தப் பன்னிருவருக்கு? மேல்பாதியில், இந்த விழுப்புரம் மாவட்டத்திலேதான், திரௌபதி அம்மன் கோயிலுக்குள் ஆதிதிராவிடர் நுழைந்ததற்காக எழுந்த பூசல் முற்றி, 2023 சூனில் அதிகாரிகள் கோயிலுக்கு முத்திரை வைத்தார்கள். 2025 ஏப்ரலில், நீதிமன்ற ஆணையின் பின், காவலர்கள் சூழ அந்த மக்கள் உள்ளே சென்று வழிபட்டார்கள். ஆலய நுழைவுச் சட்டம் 1947இல் வந்துவிட்டது, தோழனே! படி ஓலை கிழிந்து முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. ஒரு கும்பிடு போடக் காவலர் படை! இரண்டு தெருக்களையும் கூட்டி வைத்து, 'இது தவறு' என்று தன் தெருவைப் பார்த்துச் சொல்ல எந்தக் கட்சியிலும் ஒருவர் முன்வந்து நிற்கக் கண்டோமா? அந்தப் பக்கத்து வாக்கு எத்தனை, இந்தப் பக்கத்து வாக்கு எத்தனை என்று விரல் விட்டு எண்ணத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். எண்ணுகிறவர்களில் நம்மவரும் உண்டு. மறைத்துப் பயனில்லை.

எதிர்க்கட்சியைத் திட்டுவதற்கு என்ன வீரம் வேண்டும்? ஒலிபெருக்கியும் ஒரு குவளைச் சோடாவும் போதும். நானே செய்கிறேன், கூலியும் கைதட்டலுமாக! தன் வீட்டுத் திருமணத்தில், தன் தெருப் பஞ்சாயத்தில், தன் மாமன் மச்சான் முகத்துக்கு நேரே, 'இது கூடாது' என்று சொல்வதற்கு வேண்டும் வீரம். அதைச் செய்தவரைத் தலைவர் என்று கொண்டாடினோம். செய்யாமலே தலைவராகும் வழி இப்போது திறந்திருக்கிறது. சாலை மறைக்கும் பதாகையில் முகம் அச்சாகிவிட்டால் தலைவர்!

மறைந்த தலைவர்களை நாம் என்ன செய்து வைத்திருக்கிறோம் என்பதையும் பார். எத்தனை ஊர்களில் அம்பேத்கர் சிலை கம்பிக்கூண்டுக்குள் நிற்கிறது! அரசியல் சட்டத்தை எழுதிய கை கூண்டுக்குள். அதை மதியாத கை வெளியே! ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு தலைவரைப் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டோம். பெரியவர் ஒருவரின் படத்துக்கு மாலை போடுகிறவர் யார் என்று பார்த்தே அவர் குலத்தைச் சொல்லிவிடலாம் என்ற நிலை வந்துவிட்டது. இதற்காகவா சிறைக்களி தின்றார்கள்?

மாற்றாரிடமும் உண்மை இருந்தால் எடுத்துக்கொள்ளத் தெரிய வேண்டும். காட்டுமன்னார்கோயில் இளையபெருமாள் காங்கிரசுக்காரர். அவர் தலைமையில் 1965இல் நடுவண் அரசு அமைத்த குழு, தீண்டாமை எங்கெங்கே எப்படி வாழ்கிறது என்று நாடெங்கும் சுற்றிப் பார்த்து, 1969இல் அறிக்கை தந்தது. பரம்பரை அருச்சகர் முறை ஒழிய வேண்டும் என்றது அந்த அறிக்கை. 1970இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் அதற்குச் சட்டம் செய்தபோது, இளையபெருமாள் குழுவைச் சுட்டிக்காட்டியே செய்தது. எதிரணியின் கையில் இருந்த விளக்கையும் வாங்கி வழி பார்த்த காலம் அது. வழக்கு, தடை, மீண்டும் வழக்கு என்று இழுத்து, பயிற்சி பெற்ற பல சாதியினரும் அருச்சகராக அமர்ந்தது 2021 ஆகஸ்டில். அரை நூற்றாண்டு காத்திருந்தது அந்த மணியோசைக்கு.

'ஐயா, நல்ல தலைவர்கள் எங்கிருந்து வருவார்கள்?' என்று நீ என்னைக் கேட்கலாம். வானத்திலிருந்து வரமாட்டார்கள் என்று மட்டும் உறுதியாகத் தெரியும். சீனிவாசனை எந்தக் கட்சி வளர்த்தது? பள்ளிக்கு வெளியே காத்திருந்த தனிமை வளர்த்தது. சகஜானந்தரைத் திண்டிவனத்தில் விட்டுப்போன படிப்பு வளர்த்தது. நம் கிளையிலும் அத்தகைய பிள்ளை ஒருவன் இருப்பான், ஒருத்தி இருப்பாள். கூட்டத்தில் எழுந்து, 'நம் வட்டத்தில் தேநீர்க்கடைக் குவளை ஏன் இரண்டு விதம்? சாக்கடைக்குள் ஏன் இன்னும் ஆளை இறக்குகிறார்கள்? 2013இல் வந்த தடைச் சட்டம் எங்கே?' என்று கேட்பாள். 'உட்காரம்மா, நேரமாகிறது' என்று அமர்த்துகிறோமா இல்லையா? நானே அமர்த்தியிருக்கிறேன். நாடகம் தொடங்க நேரமாகிவிட்டது என்பதற்காக!

அந்த முதியவரைத் தேடி மறுவாரமே திருவெண்ணெய்நல்லூருக்குப் போனேன். திண்ணையில் இருந்தார். "மூல ஓலை எங்கே என்று நீங்களே சொல்லுங்கள், ஐயா" என்றேன். சிரித்தார், சொல்லவில்லை. தம் தெரு மக்கள் ஊர்க் குளத்தில் முதன்முதலாக இறங்கிய நாளைப் பற்றிச் சொன்னார். அன்று கரையில் ஊர்ப் பெரியவர் ஒருவர் நின்றாராம். நம் கொடி பிடித்தவர் அல்லர். தம் உறவினர் கல்லெடுத்தபோது, அவர் பேசாமல் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இவர்களோடு நீரில் இறங்கி நின்றுவிட்டாராம். கல் விழவில்லை. அந்தப் பெரியவருக்கு ஊரில் சிலை இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. "அவரை உன் நாடகத்துல போடு" என்றார் முதியவர்.

தைத் திங்களில் அதே மேடையில் மீண்டும் நாடகம். ஓலை கிழியும் காட்சியை நடுவுக்குத் தள்ளிவிட்டேன். கடைசிக் காட்சியில் ஒரு குளம் இருக்கிறது. கரையில் கல்லோடு கூட்டம் இருக்கிறது. இறங்குகிறவராக நடிக்க யாரை நிறுத்துவது என்பதுதான் முடிவாகவில்லை. கிளைச் செயலாளரைக் கேட்டேன். அவருடைய சித்தப்பா முன்வரிசையில் உட்காருவாராம். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.